வணிகம் படிக்காதவர்களுக்கான வணிக அடிப்படைச் சான்றிதழ்: நெல்லைச் சீமை முதுநிலை, ஆய்வு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் வணிகவியல் கற்பிக்கிறேன். எம்.ஏ. தமிழ், எம்.எஸ்ஸி. தாவரவியல், இயற்பியலில் ஆய்வு என்று வேறு துறைகளில் ஆழ்ந்து படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் பலர், வணிகத்தின் அடிப்படையையும் ஒரு சான்றிதழோடு கற்க விரும்பி என்னிடம் வருகிறார்கள். அந்த விருப்பம் மிகச் சரியானது. ஆனால் எதைப் படிப்பது, எங்கே படிப்பது என்ற தெளிவில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு, கையில் ஒரு காகிதத்தோடு நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

வணிக அடிப்படைச் சான்றிதழ் என்றால் என்ன? எம்.பி.ஏ.வின் சுருக்கமா?

இல்லை. எம்.பி.ஏ. என்பது மேலாளராகப் போகிறவரை அதற்கென்றே இரண்டு ஆண்டுகள் தயாரிக்கும் பட்டம். இந்தச் சான்றிதழ் வேறொரு துறையில் காலூன்றி நிற்பவருக்கானது. நீங்கள் வேதியியலாளராகவே இருப்பீர்கள். ஆனால் நீங்கள் வேலை பார்க்கும் ஆலையின் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்தால் மிரளாமல் படிப்பீர்கள். நான்கைந்து பாடங்கள், சில மாதங்கள், அவ்வளவுதான்.

நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கு (ஒரு பொருளை உருவாக்க ஆகும் செலவின் கணக்கு), பொருளியல், சந்தையியல், செயல்பாட்டு மேலாண்மை, வணிகச் சட்டம் ஆகியவற்றில் பெரும்பாலானவை வழக்கமாக இடம்பெறும். ஹார்வர்டு வணிகப் பள்ளி 2014-இல் இணையத்தில் தொடங்கிய ‘கோர்’ என்னும் படிப்பில் மூன்றே பாடங்கள்: தரவுப் பகுப்பாய்வு, மேலாளர்களுக்கான பொருளியல், நிதிக் கணக்கியல். எண்களைப் படிக்கத் தெரிந்த பிறகே மற்றவை என்ற அந்த வரிசை எனக்கு உடன்பாடானது. முதல் வாரத்திலேயே தலைமைப் பண்பு, வெற்றி மனப்பான்மை என்று தொடங்கும் பாடத்திட்டத்தைக் கண்டால் தள்ளிவிடுங்கள்.

நான் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். எனக்கு இது ஒத்துவருமா?

வ.உ.சிதம்பரனார் வழக்கறிஞர்; தமிழ் நூல்களுக்கு உரை எழுதியவர், பதிப்பித்தவர். அவர்தான் 1906-இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த தூத்துக்குடியில், சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 10 லட்ச ரூபாய் முதலீடு, அதை 40,000 பங்குகளாகப் பிரித்து ஒரு பங்கு 25 ரூபாய். ஒரு செல்வரை மட்டும் நம்பி நிற்காமல் பொதுமக்களிடம் சிறு சிறு பங்குகளாக முதல் திரட்டியது எவ்வளவு துணிவான ஏற்பாடு என்று பங்கு முதல் பற்றிய பாடத்தைப் படித்தால் விளங்கும். எதிரில் நின்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஆட்களை ஏற்றிச் செல்ல முன்வந்தது. பல தடங்களில் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனம் ஒரு தடத்தில் நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரே தடத்தை நம்பும் புதியவரால் அது முடியாது. 1908-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. அரசின் அடக்குமுறையைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். கூடவே நடந்த அந்த விலைப் போரையும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தமிழ் படித்தவர் நாளை பதிப்பகம் தொடங்கலாம், மொழிபெயர்ப்புப் பணிகளை ஏற்கலாம், இதழ் நடத்தலாம். ஒரு நூலை 500 படி அச்சிட்டால் ஒரு படியின் அடக்கவிலை என்ன, 1,000 படி என்றால் எவ்வளவு குறைகிறது, விற்காத 600 படிகள் அறையில் கிடந்தால் அதன் செலவு என்ன என்று கணக்கிடத் தெரியாமல் மூடப்பட்ட பதிப்பகங்கள் பல.

எனக்குக் கணிதம் வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம் இவ்வளவே தேவை. பகுப்பாய்வுப் பாடத்தில் மட்டும் சராசரி, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது), தொடர்புப் போக்கு (ஓர் அளவு மாறும்போது மற்றொன்று எப்படி மாறுகிறது என்பது) ஆகியவை வரும். அறிவியல் மாணவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த பாடம்.

எந்தப் பாடத்துக்கு அதிகக் கவனம் கொடுக்க வேண்டும்?

அடக்கவிலைக் கணக்கு. சந்தேகமே வேண்டாம். மற்ற எதைக் கோட்டைவிட்டாலும் இதை விடாதீர்கள். ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

எம்.எஸ்ஸி. தாவரவியல் மாணவி ஒருவர் சேரன்மகாதேவியில் சிப்பிக் காளான் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 200 ரூபாய்க்கு விற்கிறார். வைக்கோல், காளான் வித்து, பாலித்தீன் பை, போக்குவரத்து என்று ஒரு கிலோவுக்கு 110 ரூபாய் செலவு. கிலோ கூடக் கூடக் கூடும் இந்தச் செலவுக்கு மாறும் செலவு என்று பெயர். ஒவ்வொரு கிலோவிலும் மிஞ்சுவது 90 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும் செலவுகள் வேறு: கொட்டகை வாடகை 5,000, மின்சாரமும் தண்ணீரும் 2,000, கருவிகளின் தேய்மானம் 2,000. மொத்தம் 9,000. இதை 90 ஆல் வகுத்தால் 100. மாதம் 100 கிலோ விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதுதான் சமநிலைப் புள்ளி.

அவர் 150 கிலோ விற்கிறார். மாத முடிவில் 4,500 ரூபாய் மிஞ்சுகிறது. வீட்டில் எல்லோரும் லாபம் என்று மகிழ்கிறார்கள். ஆனால் அவர் அந்த மாதம் முழுவதும் அதிகாலையில் எழுந்து பைகளுக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார், அறுவடை செய்திருக்கிறார், கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அதே உழைப்பை வேறொருவரிடம் செய்திருந்தால் 12,000 ரூபாய் சம்பளம் வந்திருக்கும் என்று கொள்வோம். அதைச் செலவில் சேர்த்தால் நிலையான செலவு 21,000 ஆகிறது. சமநிலைப் புள்ளி 100 கிலோவிலிருந்து 233 கிலோவுக்குத் தாவுகிறது. லாபம் என்று நினைத்த 4,500 ரூபாய், உண்மையில் ஒரு மாத உழைப்புக்குக் கிடைத்த குறைந்த கூலி.

நம் பகுதித் தொழில்கள் பலவற்றில் இந்த ஒரு வரிதான் விடுபட்டுப் போகிறது. தாமிரபரணிக் கரைக் கோரையில் பத்தமடைப் பாய் நெய்யும் குடும்பம், முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் கைகள் என்று எங்கு பார்த்தாலும் வீட்டார் உழைப்புக்கும் வீட்டு இடத்துக்கும் கணக்கில் விலை இல்லை. விலை போடாத உழைப்பை வாங்குகிறவரும் விலை போட மாட்டார். முதுநிலை படித்த ஒரு பெண் தன் அம்மாவின் உழைப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்ட முடிந்தால், அந்த வீட்டில் அடுத்த முறை விலை பேசும்போது குரல் மாறும். இந்தச் சான்றிதழை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

லாபம் வந்தும் கையில் பணம் இல்லை என்கிறார்களே, அது எப்படி?

இந்தக் கேள்வி கேட்கும் மாணவர் நன்றாகத் தேறுவார். உடன்குடிக் கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பதநீர் இறங்கும் கோடையில் 2 லட்ச ரூபாய்க்குக் கொள்முதல் செய்து வைத்து, ஆறு மாதம் கழித்து மழைக்காலத்தில் 2,40,000 ரூபாய்க்கு விற்கிறார் ஒரு வியாபாரி. பார்வைக்கு 40,000 லாபம். போட்ட பணத்தை மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆறு மாத வட்டி 24,000. இருப்பறை வாடகை, கசிந்து வீணானது என்று 10,000. மிச்சம் 6,000. அதே தொகையை வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதத்தில் வாங்கியிருந்தால் வட்டி 12,000, மிச்சம் 18,000. சரக்கும் ஒன்று, விலையும் ஒன்று. முதல் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் முடங்கிக் கிடந்தது என்பதே வித்தியாசம். அந்த ஆறு மாதமும் அவர் கையில் பணமே இருந்திருக்காது என்பதையும் கவனியுங்கள். நடைமுறை மூலதனம் (அன்றாட வியாபாரத்தை நடத்தத் தேவைப்படும் பணம்), ரொக்க ஓட்டம் (பணம் கைக்கு வருவதும் போவதும்) என்ற இரண்டு பாடங்களும் இதைத்தான் சொல்கின்றன. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டதையும், அதுவே பின்னர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக வளர்ந்ததையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். வியாபாரிகளுக்குத் தேவைப்பட்டது நியாயமான வட்டியில், வேண்டிய நேரத்தில் கிடைக்கும் முதல்.

சந்தையியல், செயல்பாட்டு மேலாண்மை, சட்டம்?

சந்தையியல் என்றால் விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். யார் வாங்குகிறார், எதற்காக வாங்குகிறார், என்ன விலை வரை கொடுப்பார் என்பதே அதன் உள்ளீடு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு ஒரு கடைக்குச் சொந்தமல்ல, அந்த வட்டாரத்து உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் பொது. பொதுப் பெயரை வைத்துக்கொண்டு தன் கடைக்குத் தனி மதிப்பை எப்படி உண்டாக்குவது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி.

செயல்பாட்டு மேலாண்மையில், மொத்த வேலையையும் தாமதப்படுத்தும் இடறும் கட்டத்தைக் கண்டுபிடிப்பதே முதல் பாடம். அப்பளத் தொழிலில் மாவு பிசையவும் உருட்டவும் எத்தனை பேரைச் சேர்த்தாலும், ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லையென்றால் உற்பத்தி உயராது. ஆளைக் கூட்டுவதற்கு முன் உலர்த்தும் வழியைப் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் தொடக்கத்துக்குச் சில செய்திகள் போதும். ஒருவரே உரிமையாளராக நடத்தும் தனியாள் வணிகம், 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் கூட்டாண்மை, 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை, 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனம் ஆகியவற்றின் வேறுபாடு தெரிய வேண்டும். மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் (மொத்த விற்பனைத் தொகை) 40 லட்சத்தையும், சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பது பொது விதி. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில். பாக்கிக்காக நடையாய் நடக்கும் பலருக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரியாது.

எங்கே படிக்கலாம்? எவ்வளவு செலவாகும்?

நம் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இணையவழிப் படிப்புகளுக்கான மத்திய அரசின் ஸ்வயம் தளம். 2017-இல் தொடங்கியது. மேலாண்மைப் பாடங்களை ஐ.ஐ.எம். பெங்களூரு ஒருங்கிணைக்கிறது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் அங்கேயே கிடைக்கின்றன. காணொளிகளும் பயிற்சிகளும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும், என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றுக்குப் பொதுவாக 1,000 ரூபாய். தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிக்கப்படுகிறது. பயிற்சியில் 10-ம் தேர்வில் 30-ம் குறைந்தபட்சம் பெற்றால்தான் சான்றிதழ். நேரில் எழுதும் தேர்வு என்பதாலேயே அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருக்கிறது.

இதில் நான்கு பாடங்களை நீங்களே சேர்த்துக்கொண்டால் ஒரு வணிக அடிப்படைத் தொகுப்பு தயார். நான் சொல்லும் வரிசை: முதலில் நிதிக் கணக்கியல், பிறகு அடக்கவிலைக் கணக்கு, பிறகு சந்தையியல், கடைசியாக நுண்பொருளியல். ஒரே பருவத்தில் இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள்.

கோர்செரா என்னும் இணையக் கல்வித் தளத்தில் அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியின் அடிப்படைப் பாடங்களும் இருக்கின்றன. நல்ல பாடங்கள்தாம். அங்கே வரும் வரிச் சட்டமும் நிறுவன முறைகளும் அமெரிக்காவுக்கு உரியவை என்பதை நினைவில் வையுங்கள்.

தனியார் மையம் ஒன்று 25,000 ரூபாய் கேட்கிறது. சேரலாமா?

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சான்றிதழில் யார் கையெழுத்திடுகிறார்? தேர்வு எப்படி நடக்கிறது? வேலை தருபவர் அந்தச் சான்றிதழின் எண்ணைக் கொண்டு சரிபார்க்க வழி உண்டா? பாடம் நடத்துபவர் ஐந்தொகை (நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் அறிக்கை) தயாரித்த அனுபவம் உள்ளவரா? இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு நாள் வகுப்புக்குப் பளபளப்பான சான்றிதழும், பட்டமளிப்பு உடையில் ஒரு புகைப்படமும் தரும் இடங்கள் மாணவர்களின் ஏக்கத்தை விற்றுப் பிழைக்கின்றன. அந்தப் பணத்தைச் சேர்க்க உங்கள் வீட்டில் எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

என் பட்டத்தில் இந்த மதிப்பெண் சேருமா?

சேரலாம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படித்து, அதற்குரிய கிரெடிட் மதிப்பைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள யூ.ஜி.சி.யின் 2021-ஆம் ஆண்டு விதிமுறை இடம் தருகிறது. என்.பி.டி.இ.எல். கணக்கில் 4 வாரப் பாடத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட். ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான் முடிவு செய்யும். பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தேர்வு எழுதி முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் காலம் கடந்துவிடும்.

பிஎச்.டி. செய்கிறேன். நெறியாளர் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

மறைத்துப் படிக்க வேண்டாம். ஆய்வுக்கு இது எப்படி உதவும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்ப் பேசுங்கள். ஆய்வுத் திட்ட நிதிக்கு விண்ணப்பிக்கும்போது வரவுசெலவுத் திட்டம் தயாரிப்பது, ஆய்வகக் கருவிக்கு விலைப்புள்ளிகளை ஒப்பிடுவது போன்றவற்றில் நீங்கள் அவருக்கே துணையாக இருக்க முடியும். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் தேவைப்படும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் ஆண்டில் மட்டும் தொடங்காதீர்கள்.

அறிவியல் ஆய்வாளர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. உங்கள் ஆய்வில் விற்கக்கூடிய ஒரு பொருளோ செய்முறையோ பிறந்தால், ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன் காப்புரிமை பற்றி விசாரியுங்கள். கட்டுரை வெளியான பிறகு விண்ணப்பித்தால் புதுமை இல்லை என்று தள்ளப்படும் வாய்ப்பு அதிகம். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். விண்ணப்பிக்க வேண்டிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் நடத்தும் பாடம் புரியுமா என்று தயக்கம்.

தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல் தமிழில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் முதல் சில பாடங்களைப் படித்துவிட்டுக் காணொளிக்குப் போங்கள். பேரேடு, இருப்பாய்வு, ஐந்தொகை எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது ஆங்கிலம் தடையாக நிற்காது. முதுநிலை மாணவர் பள்ளிப் புத்தகத்தைத் திறப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

அப்பா சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எதுவும் படிக்காமலே நன்றாக நடத்துகிறார். நான் ஏன் படிக்க வேண்டும்?

உங்கள் அப்பா எனக்கே பாடம் நடத்தக்கூடியவர். எந்தச் சரக்கு எத்தனை நாளில் போகும், எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், எதில் லாபம் குறைந்தாலும் வைத்தே ஆக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் சொல்கிறேன், பாடத்தில் வரும் ஒவ்வொரு கருத்தையும் அவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். சரக்குச் சுழற்சி வீதம் என்று சொன்னால் அவருக்குப் புரியாமல் போகலாம். “அரிசி மூட்டை எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாறும், அப்பா?” என்று கேட்டால் நொடியில் பதில் வரும்.

அவர் பார்க்காமல் விட்ட ஓர் இடமும் இருக்கும். கடை சொந்தக் கட்டடம் என்றால் அதற்கு வாடகை போட்டிருக்க மாட்டார். கடையில் நின்ற சித்தப்பாவுக்கும் அம்மாவுக்கும் சம்பளம் எழுதியிருக்க மாட்டார். அதை அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

சான்றிதழ் இருந்தால் வேலை கிடைக்குமா?

சான்றிதழை மட்டும் நம்பினால் கிடைக்காது. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள சூரிய மின்தகடு ஆலைக்கோ, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இயங்கும் சோஹோ மென்பொருள் நிறுவனத்துக்கோ நேர்காணலுக்குப் போகும்போது உங்கள் முதன்மைத் துறையில்தான் முதலில் கேட்பார்கள். அங்கே தேறிய பிறகு, இருவர் சமமாக நிற்கும்போது இது உங்கள் பக்கம் எடை கூட்டும். அதுவும் சான்றிதழோடு ஒரு சிறு அறிக்கை இருந்தால்தான். உங்கள் ஊரில் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்து, உரிமையாளரின் சம்மதத்தோடு அதன் அடக்கவிலை, சமநிலைப் புள்ளி, ரொக்க ஓட்டம் ஆகியவற்றை நான்கு பக்கத்தில் எழுதுங்கள். பெயரையும் உண்மைத் தொகைகளையும் மறைத்துவிடுங்கள். என் மாணவர்களிடம் நான் தேர்வு மதிப்பெண்ணைவிட இந்த நான்கு பக்கத்தைத்தான் கேட்கிறேன்.

படித்துவிட்டுத் தொழில் தொடங்க நினைத்தால் யாரை அணுகலாம்?

மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியம் உண்டு. சிறு தொகை போதும் என்றால் வங்கிகளில் முத்ரா கடன். அதன் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். எல்லா இடத்திலும் திட்ட அறிக்கை கேட்பார்கள். வெளியே ஒருவரிடம் பணம் கொடுத்து அதை எழுதி வாங்காதீர்கள். வங்கி மேலாளர் ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டி “இது எப்படி வந்தது?” என்று கேட்டால், விளக்க வேண்டியவர் நீங்கள்.

எப்போது தொடங்கலாம்?

ஸ்வயம் பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. பதிவு அதற்குச் சில வாரங்கள் முன்பே திறந்துவிடும். முதுநிலை முதலாண்டு மாணவர்களுக்கு ஜனவரிப் பருவம் வசதி. கல்லூரியில் சேர்ந்த பரபரப்பு அடங்கியிருக்கும், இரண்டாம் ஆண்டின் ஆய்வுத்திட்ட வேலை வந்திருக்காது. அதுவரை காத்திருக்கும் வாரங்களில் ஒரு நோட்டு வாங்கி, உங்கள் வீட்டு வரவு செலவை நாள்தோறும் எழுதி வாருங்கள். கணக்கியலின் முதல் பயிற்சிக்கு அந்த நோட்டே போதும்.